இடது முன் மூலை

மல்லூர் புறவழிச் சாலையோரக் கொட்டகையில் ஜோஸ்லின் புனித செபஸ்தியார் சொரூபத்துக்கு மூக்கு வைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில், போர்வெல் லாரி ஒன்றின் முதுகில் ஏறி அந்தக் கார் வந்து சேர்ந்தது. பலகை சாய்த்து, வைக்கோல் பரப்பி, நாலு பேர் பிடித்து இறக்கினார்கள். இறக்கி வைத்த பிறகு பார்த்தால் அது ஜோஸ்லினின் இடுப்புக்குக் கொஞ்சம் மேலேதான் வந்தது. வெளுத்துப்போன நீல நிறம், முன்னால் நாலு விளக்கு, இடது பக்கம் ஸ்டீயரிங். இவ்வளவு குள்ளமான காருக்குள் ஆள் எப்படி நுழைவான் என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றிய கேள்வி.

கூட வந்தவர் எருமப்பட்டி வெள்ளியங்கிரி. அறுபது வயது. மூன்று போர்வெல் லாரிகளுக்கும் ஒரு கோழிப்பண்ணைக்கும் சொந்தக்காரர். இளவயதில் ராஜஸ்தான் வரைக்கும் லாரியைத் தானே ஓட்டிப்போய்த் துளை போட்டவர்.

"ஏனுங்க, ஜோஸ்லினுங்கிறது நீங்களுங்களா?"

"ஆமாங்கண்ணா, சொல்லுங்க."

"பட்டறைக்காரன் நெளிவு எடுக்கறேன்னு சுத்தியில ரெண்டு போடு போட்டுப்போட்டானுங்க. வெடிச்சுப்போச்சு. அப்புறந்தான் காந்தம் வெச்சுப் பாக்கறான், ஒட்டுல. இது தகரமே இல்லீங்க, சாமி செலை செய்யறவங்ககிட்டக் கொண்டுபோங்கன்னு கைகழுவி உட்டுட்டான்."

ஜோஸ்லின் விரல் முட்டியால் கூரையைத் தட்டினாள். பிறகு கதவை. பிறகு பின்பக்கத்தை, அங்கேதான் இன்ஜின் இருந்தது.

"இது பைபருங்கண்ணா."

"முச்சூடுமா?"

"முச்சூடும்."

முன்பக்கம் போய்த் தட்டிக்கொண்டே வந்தவள், இடது விளக்குக்குக் கீழே வந்ததும் நின்றுவிட்டாள். மற்ற இடமெல்லாம் மெல்லிய சத்தம் கொடுத்த பைபர் இங்கே மட்டும் கனமாக, அடைத்தாற்போல் சத்தம் கொடுத்தது. மறுபடி தட்டினாள். செபஸ்தியாரின் மூக்கு பாதியில் காய்ந்துகொண்டிருந்தது அவளுக்கு மறந்தே போனது.

ஜோஸ்லினைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். வயது நாற்பத்து மூன்று. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் தண்ணீர்த் தொட்டிக் கம்பெனியில் கண்ணாடி நாரின் மேல் ரெசின் பசை பூசும் வேலைக்குப் போனாள். அங்கிருந்து லாரித் தலையில் வைக்கும் காற்றுத்தடுப்பு செய்யும் இடத்துக்கு. ஒருநாள் பங்குச் சாமியார் விரல் உடைந்த மாதா சொரூபத்தைக் கொண்டுவந்து, "பாத்துக் குடு ஜோஸ்லின்" என்றார். அந்த ஒரு விரலில் தொடங்கியதுதான் அவளுடைய சொந்தத் தொழில். முதலில் செவ்வாய்ப்பேட்டைச் சந்து ஒன்றில் வாடகைக்கு இருந்தாள். வெல்லத்தில் ரெசின் வாசம் ஏறுகிறது என்று பக்கத்து மண்டிக்காரர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் சொன்னதும் உண்மைதான். அதனால் மல்லூருக்கு வந்தாள். கணவர் டோனி மின்வாரியத்தில் இருக்கிறார். அவருக்கு இந்த வாசம் பழகிப்போய், வாசம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில்தான் தலை வலிக்கிறது என்பார்.

அவள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. ஒட்டுப் போட்டது யாருக்கும் தெரியக் கூடாது. கன்னத்தில் விரிசல் இருந்து ஒட்டியது என்று ஒருத்தருக்குத் தெரிந்தால் போதும், அந்த வருஷம் பங்கில் யார் வீட்டில் எது நடந்தாலும் பழி அந்த விரிசலின் மேல் விழும். வெளிப்பக்கம் மட்டும் சுத்தமாக இருந்தாலும் போதாது. திருவிழாவுக்குச் சொரூபத்தைச் சப்பரத்தில் பொருத்தும்போது சாய்ப்பார்கள். தூக்குகிற ஆட்கள் அடிப்பக்கத்தை எட்டிப் பார்ப்பார்கள். உள்ளே கரடுமுரடாக இருந்தால், "உள்ளயே இப்படின்னா வெளிய என்னத்தப் பண்ணியிருப்பாங்க" என்று ஒரு பேச்சு கிளம்பும். அதனால் ஜோஸ்லின் உள்ளும் புறமும் ஒன்றுபோலத் தேய்த்துக் கொடுப்பாள். அவளுக்குப் பேர் வாங்கித் தந்ததே அந்த உள்பக்கம்தான்.

வெள்ளியங்கிரி காரின் கதையைச் சொன்னார். பாண்டிச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரர் வைத்திருந்தது. அவர் போன பிறகு ஓலைக்கொட்டகையில் கோழி அடைந்து கிடந்தது. வாங்கி வந்து ராசிபுரத்து மெக்கானிக்கிடம் ஆறு மாதம் விட்டு இன்ஜினுக்கு உயிர் கொடுத்தாயிற்று. காரின் பெயர் ஆல்பின்.

"ராலி ஓடுன வண்டிங்க அம்மிணி இது. மான்டி கார்லோ கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"இல்லீங்களே."

"நானும் போன வருசந்தான் கேள்விப்பட்டேன். அங்க போயி செயிச்ச சாதியாக்கும்."

செய்தி அதோடு நிற்கவில்லை. எருமப்பட்டி பஸ் நிறுத்தத்தில் ஃப்ளெக்ஸே வைத்துவிட்டிருந்தார். காரின் படம், பக்கத்தில் கும்பிட்டபடி அவர் படம், மேலே 'மான்டி கார்லோ கண்ட மாவீரன்' என்று கொட்டை எழுத்து. மாவீரன் காரா அவரா என்பதில் ஊருக்குள் இரண்டு கட்சி இருந்தது. அடுத்த மாதம் பழைய கார்கள் நாமக்கல்லில் புறப்பட்டுக் கொல்லிமலை ஏறப்போகின்றன. போட்டியில் ஓடிய சரித்திரம் உள்ள கார்களுக்கு முன்வரிசை, மற்றவற்றுக்குப் பின்வரிசை. முன்வரிசையில் நின்றே ஆக வேண்டும், அதற்காகத்தான் இத்தனை பாடும் என்றார்.

அவர் போனதும் ஜோஸ்லின் முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, டார்ச்சோடு அந்த இடது மூலைக்குள் தலையை விட்டாள். அரை மணி நேரம் வெளியே வரவில்லை.

நாலு ஒட்டு இருந்தது. ஒன்றின் மேல் ஒன்று. நாலும் ஒரே ஆளின் வேலை இல்லை. முதல் இரண்டும் பொறுமையாக, நாரை ஒழுங்காக வெட்டிப் போட்டவை. மூன்றாவது முரட்டுக் கை. நாலாவதுதான் அவளைப் பிடித்து நிறுத்தியது. நார் கோணல்மாணலாகக் கிடந்தது, காற்றுக் குமிழ்கள் அப்படியே உறைந்திருந்தன. ரெசின் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் நகத்தால் கீறினால் பிசுபிசுவென்று வந்தது. சூடு போதாமல் இறுகாதபோதுதான் அப்படி ஆகும். சேலத்தில் டிசம்பரில்கூட இவ்வளவு மோசமாக ஆனதில்லை. எவ்வளவு குளிர் இருந்தால் இப்படி ஆகும்? அதன் நடுவில் நெய்த கம்பளிக் கையுறையின் அச்சு, நாலு விரலும் தெளிவாகப் பதிந்திருந்தது. அழுத்திப் பிடித்திருக்கிறான். பக்கத்தில் பென்சிலால் ஏதோ எண்கள்.

ஏன் ஒரே மூலை நாலு தடவை உடைந்தது? கையுறையோடு எவனாவது ரெசினைத் தொடுவானா? காயும் வரைக்கும் காத்திருக்க முடியாமல் அப்படி என்ன அவசரம்?

மதியம் சாப்பிடும்போது ஃபோனில் தேடிப் பார்த்தாள். பிரான்சில் டியெப் என்கிற கடலோர ஊரில் செய்த கார்கள். சின்னக் குட்டி நீலக் கார்கள் பனிமலைச் சாலையில் பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டு வளைவு திரும்பின. 1973-ல் மான்டி கார்லோவிலும் வென்று, அந்த வருஷம்தான் முதன்முதலாக நடந்த உலக ராலிப் பட்டத்தையும் இந்தக் கம்பெனி வாங்கியிருக்கிறது. ராலி என்றால் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடுவது இல்லையாம். ஜனங்கள் போகிற சாலையிலேயே, மலையோ மழையோ, குறித்த நேரத்துக்குள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போவது. வழியில் உடைந்தால் ரோட்டோரமே ஒட்டிக்கொண்டு ஓட வேண்டும். பருப்புச்சோறு கையில் காய, அதே வீடியோவை மூன்று தடவை பார்த்தாள். காரைவிட ஓரத்தில் ஸ்பானரோடு நின்ற ஆட்களைத்தான் அவள் கண் தேடியது.

இவ்வளவும் பார்த்துவிட்டு அவள் என்ன செய்தாள் என்றால், மறுநாள் முகமூடி போட்டுக்கொண்டு கிரைண்டரை எடுத்து, அந்த நாலு ஒட்டையும் தேய்த்து எடுத்தாள். வேறு என்ன செய்வாள்? பதினேழு வருஷமாகக் கை செய்வது அதுதானே. பழைய ஒட்டு பலவீனம், அதை எடுத்துவிட்டுப் புது நார் போட்டால் ஜென்மத்துக்கும் நிற்கும். கையுறை அச்சின் மேல் கிரைண்டர் ஏறும்போது அவளுக்கு ஒரு கணம் என்னவோ போல இருந்தது. ஆனாலும் கை நிற்கவில்லை. மூன்று வாரம் பாடுபட்டாள். முடித்தபோது இடது மூலை, உள்பக்கம், வெண்ணெய் போல வழவழவென்று இருந்தது. தன் வேலையில் இதுதான் உச்சம் என்று நினைத்தாள். பாவம்.

அபிநயா கோயமுத்தூரிலிருந்து வந்தாள். முப்பது வயசு இருக்கும். கொல்லிமலை ஓட்டத்துக்கு வரும் கார்களைப் பரிசோதித்து எந்த வரிசை என்று எழுதித் தருவது அவள் பொறுப்பு. வெள்ளியங்கிரி வெள்ளை வேட்டியில் வந்து நின்றார்.

"வாங்க சாமி. கை வெச்சுப் பாருங்க, ஒரு பொட்டு மேடுபள்ளம் இருக்காது."

அபிநயா வெளியே கை வைக்கவில்லை. சாக்கை விரித்துக் காருக்கு அடியில் மல்லாந்து படுத்தாள். டார்ச் வெளிச்சம் அங்கும் இங்கும் போயிற்று. நேரமாகியது. எழுந்து உட்கார்ந்தபோது அவள் முகம் சரியில்லை.

"சார், கம்பெனி அடிச்ச எண் தகடு ஒண்ணு இருக்கணும், காணோம். பேப்பரும் இல்லைன்னுட்டீங்க. ராலி ஓடின வண்டின்னா அடிபட்டிருக்கும், ஒட்டுப் போட்டிருப்பாங்க. அந்த ஒட்டைப் பாத்துதான் நாங்க சொல்லுவோம். இதுல ஒண்ணுமே இல்லையே. நீங்க வாங்கும்போதே இப்படித்தான் சுத்தமா இருந்துச்சா?"

"நான் எங்கீங்க குனிஞ்சு பாத்தேன்" என்றார் வெள்ளியங்கிரி. "அம்மிணிக்குத்தான் தெரியும்."

இரண்டு பேரும் ஜோஸ்லினைப் பார்த்தார்கள்.

ஆமாம், இப்படித்தான் இருந்தது என்று சொன்னால் முடிந்தது. யாருக்கும் தெரியப் போவதில்லை. தேய்த்த தூள் எப்போதோ குப்பை வண்டியில் போய்விட்டது. பழி பாண்டிச்சேரிக்காரர் தலையில் விழுந்திருக்கும். அவளுடைய பேர் பிழைத்திருக்கும்.

"இருந்துச்சு" என்றாள். "நாலு ஒட்டு இருந்துச்சு. நான்தான் தேச்சு எடுத்துட்டேன்."

பிறகு அவள் நிறுத்தவே இல்லை. எந்த ஒட்டு எவ்வளவு தடிமன், எது யார் கை, இறுகாத ரெசின், கம்பளி அச்சு, பென்சில் எண்கள், எல்லாம் சொன்னாள். எண்கள் என்ன என்று அபிநயா கேட்டபோது மட்டும் ஞாபகம் இல்லை. முதலில் ஒரு நாலு இருந்தது, அதற்கு மேல் வரவில்லை. அபிநயா எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு பேனாவை மூடினாள்.

"அக்கா, நீங்க சொல்றத நான் நம்பறேன். கையுறை எல்லாம் யாரும் கற்பனையா சொல்ல முடியாது. ஆனா நம்பறத எழுத முடியாதுக்கா. பாத்தத மட்டும்தான் எழுத முடியும். பின்வரிசைதான் தர முடியும்."

வெள்ளியங்கிரி தேநீர்க் குவளையை ஓரமாக வைத்துவிட்டுக் காரிடம் போனார்.

"நாப்பது வருசம் லாரி வெச்சிருக்கறேன் அம்மிணி. காயலான் கடைக்குப் போற லாரியில கூட அடையாளத்தைத் தேய்க்கக் கூடாதும்பாங்க. என்ற வண்டியில தேச்சுப்போட்டீங்களே." அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். லாரி வந்தது, காரை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

பத்து நாள் பேச்சில்லை. எருமப்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், ஃப்ளெக்ஸைக் கழற்றிக் கோழிக்கொட்டகைக்குச் சாரல் மறைப்பாகக் கட்டிவிட்டார்கள் என்று சொன்னார். ஜோஸ்லினுக்கு முதலில் கோபம் வந்தது. முன்னாலேயே சொல்லியிருக்கலாமே, உள்ளே கை வைக்காதே என்று? பிறகு அந்தக் கோபம் அவள் மேலேயே திரும்பியது. வெள்ளியங்கிரிக்குப் போனது முன்வரிசை. தனக்குப் போனது என்ன என்று யோசித்தால், அந்தக் கையுறைக்காரன்தான் போனான். எந்த ஊர்க்காரனோ, எத்தனை வயசோ, குளிரில் நின்று அழுத்திப் பிடித்தவன். ஐம்பது வருஷம் நிலைத்து நின்ற அவன் கையை இவள் ஒரு மதியத்தில் அழித்துவிட்டாள். அவனை ஒழுங்காக ஒரு ஃபோட்டோகூட எடுக்கவில்லை. சாதாரணமாக நாளுக்கு இருபது ஃபோட்டோ எடுப்பவள். அதை நினைத்தால்தான் தாங்கவில்லை.

பதினோராம் நாள் ஃபோன் அடித்தது.

"அம்மிணி, வெள்ளியங்கிரி பேசறேன். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வேலைக்காரர் கூடவே வரோணுமாமா. மெக்கானிக்கு பைபருன்னா எனக்குத் தெரியாதுங்கறான். நீங்கதான் கெடுத்தீங்க, நீங்களே வாங்க."

"வர்றேங்கண்ணா."

"ஞாயித்துக்கெழமைங்க. பூசைக்குப் போகோணுமே உங்குளுக்கு?"

"சனிக்கிழமை சாயங்காலப் பூசைக்குப் போயிக்கறேன்."

நாமக்கல்லில் முன்வரிசைக் கார்கள் மாலையோடு நின்றன. இவர்கள் பின்னால், ஒரு பழைய ஜீப்புக்கும் பின்னால். வெள்ளியங்கிரி உள்ளே நுழைந்து உட்கார்ந்த விதத்தைப் பார்த்துக் கூட்டமே கைதட்டியது. முதலில் கால், பிறகு இடுப்பு, கடைசியில் தலையை மடக்கி இழுத்துக்கொண்டார். ஜோஸ்லின் மடியில் ரெசின் டின், நார் சுருள், தூரிகை. ரோட்டில் இறங்கியதும் லாரிச் சக்கரங்கள் அவள் காதுக்கு நேரே சுழன்றன.

காரவல்லி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். செம்மேட்டைப் பதினொன்றரை மணிக்குள் தொட வேண்டும், பிந்தினால் பெயர் அடிபட்டுப்போகும். முதல் வளைவிலேயே கார் மாறிவிட்டது. அதுவரைக்கும் இருமிக்கொண்டு வந்தது, மேடு கண்டதும் பாட ஆரம்பித்தது. பின்பக்கம் லேசாக வழுக்கித் திரும்பி, தானாக நேராகி, அடுத்த வளைவைக் கேட்டது. வெள்ளியங்கிரியின் முகத்தில் சிரிப்பு வந்தது. "பாத்தீங்களா, இதுக்கு வழி தெரியுது" என்றார். அன்று காலையிலிருந்து அவர் தானாகச் சொன்ன முதல் வார்த்தை அது.

நாற்பதாவது வளைவைத் தாண்டியதும் பனிமூட்டம், தூறல். ஒரு வளைவில் மேலிருந்து பஸ் இறங்கியது. வளைவு முழுசும் பஸ்ஸுக்கு வேண்டும். லாரிக்காரப் பழக்கம், வெள்ளியங்கிரி மரியாதையாக இடது ஓரம் ஒதுங்கினார். புல்லுக்குள் ஒரு கல் நட்டிருந்தது. படார் என்றது.

இறங்கிப் பார்த்தாள். இடது முன் மூலை கிழிந்து, பைபர் நாக்கு மடிந்து டயரின் மேல் உட்கார்ந்திருந்தது. வண்டி ஓரடிகூட நகராது. நேரம் பத்து இருபது, மிச்ச ஏற்றத்துக்கே முக்கால் மணி நேரம் வேண்டும்.

"முடிஞ்சுதுங்க" என்று வெள்ளியங்கிரி கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

ஒழுங்காகச் செய்ய ஒரு முழு நாள் வேண்டும். ஜோஸ்லினிடம் இருந்தது இருபது நிமிஷம். மடிந்த நாக்கை வெட்டி எறிந்தாள். ஈரத்தைத் துண்டால் துடைத்தாள், துடைக்கத் துடைக்க நனைந்தது. ரெசின் குளிரில் கெட்டியாகி ஊற்றவே வரவில்லை. டின்னைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடி, சூடாக இருந்த இன்ஜின் மேல் வைத்தாள். இளகியதும் இறுக்கும் மருந்தை இரண்டு மடங்காக ஊற்றி, நாரைக் கிழித்துத் திணித்துப் பூசினாள். குமிழ் வந்தது. தூரிகையால் குத்தி எடுக்க வேண்டும், நேரம் இல்லை. நார் கோணலாகப் போனது, திருத்த நேரம் இல்லை. ரப்பர் உறையைப் பையில் தேடினாள், அதையும் விட்டுவிட்டுத் தூரிகையை எறிந்து வெறுங்கையால் அழுத்திப் பிடித்தாள்.

பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் அது அவளுக்கு உறைத்தது. அந்தக் கையுறைக்காரன் வேலை தெரியாதவன் இல்லை. குமிழும் கோணலும் அவனுக்கும் தெரிந்துதான் இருந்தன. மனசு அடித்துக்கொண்டிருக்கும். அடுத்த வளைவுக்குப் போனால் போதும் என்று நின்றிருக்கிறான், இதோ இப்படி. தெரியாத ஊரில், தெரியாத ஆள். அவனை இவ்வளவு கிட்டத்தில் அறிந்துகொள்வாள் என்று அவள் நினைக்கவில்லை. அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் ஏதோ ஒன்று வந்தது.

"என்னாச்சுங்க அம்மிணி, கை சுடுதா?"

"இல்லீங்கண்ணா. எடுங்க, போலாம்."

"இன்னும் காயலீங்களே?"

"காயாது. மெதுவா போனா நிக்கும்."

செம்மேட்டுக்குப் பதினொன்று இருபத்தெட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். வெள்ளியங்கிரி இறங்கி வானத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். அபிநயா வந்து குனிந்து, டார்ச்சை இடது மூலைக்குள் அடித்தாள். ஃபோட்டோ எடுத்தாள், ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தாள்.

"என்னங்க சாமி எழுதறீங்க?"

"பாத்தத எழுதறேன் சார். ஓட்டத்துல அடிபட்டு, வழியில ஒட்டி, நேரத்துக்கு முடிச்சது. தேதி போட்டு எழுதறேன். இந்த வண்டியோட கணக்கில இதுதான் முதல் வரி. மத்ததெல்லாம் அக்கா சொன்னதுன்னு கீழ தனியா எழுதறேன்."

வெள்ளியங்கிரி தலையைச் சொறிந்தார். "அப்ப ஊட்டுக்குப் போயி நாளைக்குக் கொண்டாறேனுங்க அம்மிணி. இதையும் தேச்சு, வழவழன்னு..."

"தேய்க்க மாட்டேங்கண்ணா" என்றாள் ஜோஸ்லின். "வெளிப்பக்கம் மட்டும் பலத்துக்கு ஒரு அடுக்கு போட்டுத் தர்றேன். இது இப்படியே இருக்கட்டும்."

அதற்குள் முன்வரிசைக் கார்க்காரர்கள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். தொப்பி போட்ட ஒருவர் குனிந்து எட்டிப் பார்த்தார். குமிழும் கோணலுமாக இன்னும் ஈரம் மின்னிக்கொண்டிருந்த அந்த ஒட்டில் ஒரு வெறுங்கையின் ஐந்து விரலும் பதிந்திருந்தன.

"அட, யாருங்க இத இவ்வளவு அசிங்கமா ஒட்டினது?"

ரெசின் காய்ந்து இழுத்த கையை ஜோஸ்லின் சேலையில் துடைத்தாள். அது போகவில்லை.

"நான்தாங்க" என்றாள். சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம்கூட வெட்கமாக இல்லை.